சம்மனுக்குத் தெரியாத வாசல், ஜப்திக்குத் தெரியும்

சென்னையில் வீட்டுக்கு இரண்டு கதவு எண் உண்டு, பழையது ஒன்று, புதியது ஒன்று. வடசென்னையில் பல வீடுகளுக்கு மூன்றாவதும் உண்டு. அது ஹவுஸ் ஓனர் பெயின்ட் டப்பாவை எடுத்துத் தானே சுவரில் எழுதிக்கொண்டது. மாநகராட்சி புது எண் கொடுத்து எத்தனையோ வருஷம் ஆகியும் பழைய எண் சாக மாட்டேன் என்கிறது. ரேஷன் கார்டில் பழையது, கரன்ட் பில்லில் புதியது, ஆதாரில் இரண்டும் சேர்ந்து நடுவில் ஒரு கோடு. போதாக்குறைக்குத் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி மூன்றும் தனித்தனி நகராட்சிகளாக இருந்து 2011-இல் மாநகராட்சிக்குள் கரைந்தன. வார்டு எண்ணும் மாறிப்போயிற்று. பிள்ளையார் கோயில் தெரு இங்கே எத்தனை என்று பிள்ளையாருக்கே தெரியாது.

இந்த ஊருக்குள்தான் கோர்ட் ஆளைத் தேடி வருகிறது. உறையின் மேல் 'செல்வம், த/பெ முருகன்' என்று எழுதியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்ணாவூர் தெருமுனையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஒரு கிரிக்கெட் டீம் திரும்பிப் பார்க்கும்.

சட்டத்தைக் குறை சொல்லக் கூடாது. ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 5-ஆவது ஆணை முழுக்க இந்த விஷயம்தான். ஆளிடம் நேரில் கொடு. ஆள் இல்லையென்றால் கூட வசிக்கும், வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடு. வாங்க மறுத்தாலோ, முறையாகத் தேடியும் கிடைக்காவிட்டாலோ வாசல் கதவில் ஒட்டு. ஒட்டினால், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினாய் என்று பெயர், விலாசத்தோடு எழுதிக் கொண்டு வா.

நடப்பதைப் பாருங்கள். எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. கோர்ட் அமீனா மூச்சு வாங்க ஏறி வருகிறார். கையில் அன்றைக்கு முடிக்க வேண்டிய கட்டு.

"செல்வம் வீடு எதும்மா?"

"எந்த செல்வம் சார்? போட்டுக்குப் போறவரா, ஹார்பர்ல லாரி ஓட்டுறவரா?"

"முருகன் பையன்."

"முருகன் பசங்க நெறைய பேரு கீறாங்க சார்."

பூட்டிய கதவு ஒன்று கண்ணில் படுகிறது. பசை. ஒட்டியாயிற்று. 'மேற்படி நபர் வீட்டில் இல்லாதபடியால் கதவில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது' என்று அறிக்கை போகிறது. அடையாளம் காட்டியவர் பெயர், 'அக்கம்பக்கத்தார்'. இந்த அக்கம்பக்கத்தார் என்பவர் தமிழ்நாட்டில் எத்தனையோ வழக்குகளுக்குச் சாட்சி. ஒரு நாள்கூடக் கூண்டேறியதில்லை.

கதவுக்கு உரிய அம்மா சாயங்காலம் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறார். கோர்ட் முத்திரையைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கிழித்தால் குற்றமோ, வைத்திருந்தால் குற்றமோ? பக்குவமாகப் பிரித்தெடுத்து, ரேஷன் கார்டும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரப்படுத்துகிறார். அந்த வழக்கிலேயே மிகப் பத்திரமாக இருக்கும் ஆவணம் அதுதான். வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டில்.

தபாலில் வந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? 1897-இல் பொது உட்பிரிவுகள் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். அதன் 27-ஆம் பிரிவுப்படி, விலாசம் எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டால் கடிதம் போய்ச் சேர்ந்ததாகவே கருத வேண்டும். சேரவில்லை என்றால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. வராத கடிதம் வரவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது? அடுத்த வருஷமே, 1898-இல், தபால் சட்டம் வந்தது. கடிதம் தொலைந்தாலும், தாமதமானாலும், தப்பான ஆளிடம் கொடுக்கப்பட்டாலும் அரசு தானாகப் பொறுப்பேற்றுக்கொண்ட அளவுக்கு மேல் அதற்குப் பொறுப்பில்லை என்றது அது. முதல் வருஷம் 'கண்டிப்பாகச் சேர்ந்துவிட்டது' என்ற சட்டம், மறுவருஷம் 'சேராவிட்டால் எங்களைக் கேட்காதே' என்ற சட்டம். 2023-இல் புதிய அஞ்சலகச் சட்டம் கொண்டுவந்தார்கள், அடிமைச் சின்னங்களை ஒழிக்கும் காலமாயிற்றே. வெள்ளைக்காரன் எழுதிய எதையெதையோ தூக்கி எறிந்தவர்கள், இந்தப் பொறுப்பில்லாத்தனத்தை மட்டும் கண்ணில் ஒற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

செக் பவுன்ஸ் கேஸில் உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒரு சலுகை கொடுத்தது. தபாலில் அனுப்பிய நோட்டீஸே வரவில்லை என்பவர், கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் தப்பிக்கலாம். தாராள மனசுதான். ஆனால் அந்தச் சம்மனும் இதே விலாசத்துக்குத்தானே வரும்?

கிரிமினல் சம்மன் கதை இதைவிட ஜோர். 1973-ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, ஆள் இல்லாதபோது குடும்பத்தில் வயதுவந்த 'ஆணிடம்' சம்மனைக் கொடு என்றது. காசிமேட்டில் விசைப்படகு ஏறுகிறவர் நாள்கணக்கில் கடலில் கிடப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாள் வீட்டோடு இருப்பார், வருமானம் இல்லாமல். மற்ற நாளெல்லாம் ஏலத்தில் மீன் எடுப்பது, கூடை சுமப்பது, வட்டி கட்டுவது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பது எல்லாம் பெண்தான். ஆனால் ஒரு துண்டுக் காகிதத்தைக் கைநீட்டி வாங்கும் தகுதி அவளுக்கு இல்லை என்றது அந்தச் சட்டம். சிவில் சட்டம் 1976-லேயே ஆணோ பெண்ணோ என்று திருந்திவிட்டது. கிரிமினல் சட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதி பழையதற்கு மாற்றாகப் புதிய சன்ஹிதா அமலுக்கு வந்தபோதுதான் அந்த 'ஆணை'க் கீழே இறக்கியது. இடைப்பட்ட 48 வருஷம் கடலுக்குப் போனவன் வீட்டுக் கதவுகளில் எத்தனை சம்மன் ஒட்டினார்களோ, மழைக்குத்தான் தெரியும்.

இத்தனையும் குழப்பத்தில் நடப்பது என்று நினைத்தால் நீங்கள் நல்லவர். கடன் கொடுத்த கம்பெனியின் வசூல் பையன் சரியான வாசலில் வந்து நிற்கிறான். எந்த மாடி, எந்தக் கதவு, சம்பளம் என்றைக்கு, மச்சான் எங்கே வேலை பார்க்கிறான் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அதே கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் மட்டும் பழைய விலாசத்துக்குப் போகிறது, நாலு வீடு மாறுவதற்கு முன்னால் விண்ணப்பத்தில் எழுதிய விலாசத்துக்கு. அங்கிருந்து 'காலி செய்து போய்விட்டார்' என்று திரும்பி வரும். பிறகு பேப்பரில் எலிப்புழுக்கை எழுத்தில் ஒரு விளம்பரம். பிறகு எக்ஸ் பார்ட்டி தீர்ப்பு. எதிராளி வராத கோர்ட்டில் ஜெயிப்பதைவிடச் சுலபமான தொழில் இந்த ஊரில் வேறு இல்லை.

தீர்ப்பு நிறைவேறும் நாளில் அமீனாவின் திறமையைப் பாருங்கள். ஜப்திக்கு வருகிறார். அதே சந்து, அதே படிக்கட்டு. எந்தச் செல்வம் என்ற கேள்வியே இல்லை. பழைய எண்ணும் புதிய எண்ணும் அன்றைக்கு மட்டும் ராசியாகிவிடும். சமையல் பாத்திரத்தையும் படுக்கையையும் எடுக்கக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. டிவி போகும், பைக் போகும், பாய் மிஞ்சும்.

"ஒழுங்கான விலாசம் இல்லாத ஜனங்கள்" என்று கோட்டு போட்டவர்கள் சலித்துக்கொள்வார்கள். யார் விலாசத்தை யார் கலைத்தது? 2004 டிசம்பர் 26-இல் கடல் வீட்டை எடுத்தது. கடலோரத்துச் சனத்தை அரசாங்கம் கார்கில் நகர் கொட்டகைகளில் கொண்டுபோய் அடைத்தது. அங்கிருந்து இன்னோர் இடம், பிறகு எர்ணாவூர் அடுக்குமாடி. ஒவ்வொரு முறையும் மூட்டையைத் தூக்கு என்று சொன்னது அரசாங்கம். இப்போது 'கடைசியாக அறியப்பட்ட முகவரி' எது என்று கேட்பதும் அரசாங்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. குழாயில் கசிவே இல்லை என்று சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மறுத்துக்கொண்டிருக்கும்போதே அது எண்ணூர் முகத்துவாரத்து ஊர்களின் படகு, வலை, வீட்டுச் சுவர் வரை வந்து ஒட்டிக்கொண்டது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் அருகே கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வந்தது. எண்ணெயும் அம்மோனியாவும் யாரிடமும் பழைய எண்ணா, புதிய எண்ணா என்று கேட்கவில்லை. நிவாரணம்தான் கேட்டது. உங்களுக்கு 12,500 ரூபாயா, 7,500 ரூபாயா, ஒன்றுமே இல்லையா என்பதை எந்தப் பட்டியலில் உங்கள் பெயர் எந்த ஊரில் இருந்தது என்பதுதான் முடிவு செய்தது.

அரசாங்கம் ஒட்டிய காகிதம் தப்பான கதவில் இருந்தாலும் சேர்ந்ததுதான். மக்கள் கொடுக்கும் மனு தப்பான மேசைக்குப் போனால், "இது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா." வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில், தப்பான அலுவலகத்துக்கு வந்த மனுவை 5 நாளுக்குள் அவர்களே சரியான இடத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதத் தெரியாமல் இல்லை.

உங்கள் வாசலுக்கு அடுத்தவர் சம்மன் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்று எழுதித் திருப்புங்கள். ஒட்டிவிட்டுப் போயிருந்தால் தேதியோடு போட்டோ எடுத்து, வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு அந்தக் கோர்ட்டுக்கே கடிதம் எழுதுங்கள். உங்கள் மேலேயே தெரியாமல் எக்ஸ் பார்ட்டி தீர்ப்பு வந்திருந்தால், சம்மன் முறையாகச் சேராத பட்சத்தில் தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கேட்க வேண்டிய எண் 15100.

நீதிபதிகளுக்கும் ஒரு விண்ணப்பம். 'அக்கம்பக்கத்தார்' அடையாளம் காட்டினார் என்று வரும் அறிக்கையை வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். ஒட்டியவரைக் கூப்பிட்டு விசாரிக்க 5-ஆவது ஆணையின் 19-ஆவது விதி உங்களுக்கு இடம் தருகிறது. கூடவே, வசூலுக்கு ஆள் அனுப்பிய விலாசம் எது என்று வாதியைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லவையுங்கள். சம்மனை அங்கே அனுப்புங்கள்.