கணுக்கால் சாஸ்திரம்

கேள்வி: 2012 லண்டன் ஒலிம்பிக் பாட்மின்டன் இறுதியில் லீ சோங் வெய் லின் டானிடம் தோற்றது தந்திரக் குறைவாலா, தேகக் குறைவாலா? எங்கள் தேநீர்க் கடையில் சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

- ஒரு ரசிகர், ஈப்போ

பதில்: ஜயித்தால் சாமர்த்தியம், தோற்றால் கணுக்கால் என்பது ரசிக மகாஜனங்கள் எத்தேசத்திலும் ஏகமனதாக அங்கீகரித்திருக்கும் சித்தாந்தமாதலால், அதைத் தங்கள் கடையினர் கைவிடவேண்டுமென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவ்வாண்டு தாமஸ் கோப்பைப் பந்தயத்தில் லீயின் கணுக்காலில் காயம்பட்டது மெய்தான். ஆயினும் முதல் ஆட்டத்தை 21-15 என்று வென்றதும் அதே கால்தானே? காயம்படுவதற்கு முந்திய ஆண்டு, ஒலிம்பிக் இறுதி நடந்த அதே வெம்ப்ளி அரங்கில், உலகப் போட்டியின் இறுதியிலும் அவர் அதே மனிதரிடம் மூன்றாவது ஆட்டத்தை 21-23 என்றுதான் இழந்தார்; ஒலிம்பிக்கில் அது 19-21. வேகத்தினாலேயே ஆட்டத்தைச் சுருக்கிவிட முயலும் லீயைப் பின்கோட்டுக்கும் வலையடிக்குமாக அலையவிட்டு, நெருக்கடியான கடைசிப் புள்ளிகள் வரையில் அவசரப்படாமல் காத்திருக்கும் ஒருவிதக் குரூரமான நிதானம் இடக்கையரான லின் டானுக்கு வாய்த்திருந்தது என்பது என் அபிப்பிராயம். (இதைக் கடையில் உரக்கப் படிக்கவேண்டாம், தேநீர் நின்றுவிடும்.)

2016இல் ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் லீ அதே லின் டானை மூன்றாவது ஆட்டத்தில் 22-20 என்று வீழ்த்தினாரே, அன்று லின் டானின் கணுக்கால் க்ஷேமமாக இருக்கிறதா என்று தங்கள் கடையில் யாராவது விசாரித்தார்களா? மறுநாள் இறுதியில் சென் லாங்கிடம் லீ தோற்றவுடன் வைத்திய சபை மீண்டும் கூடியிருக்குமே!