காயோ, பழமோ? ஐரோப்பியரின் மாம்பழப் பிழை பற்றிச் சாவகச்சேரிச் சந்தையில் ஓர் ஆய்வு

ஐரோப்பியர் மாம்பழத்துக்கு ஒரு பேர் இல்லாமலே ஐந்நூறு வருசத்தை ஓட்டிவிட்டார்கள் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். போர்த்துக்கேயருக்கு அது 'மங்கா', பிரெஞ்சுக்காரருக்கு 'மாங்க்', ஆங்கிலேயருக்கும் ஜெர்மானியருக்கும் 'மாங்கோ'. எல்லாம் நம்முடைய மாங்காய்தான். மலையாளத்தில் அது 'மாங்ங'. 1498இல் வாஸ்கோ ட காமாவுக்குப் பின்னால் மிளகு தேடி மலையாளக் கரைக்கு வந்தவர்களின் காதில் விழுந்தது அந்தச் சொல். காய் பழுக்கும்வரை பொறுத்திருந்தால் லண்டன்காரர் இன்று 'மாம்பலோ' ஜூஸ் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. மாதக்கணக்கில் ஓடும் பாய்க்கப்பலில் பழம் தாங்காது. இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது ஊறுகாய். அதனால் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் நூல்களில் வெள்ளரிக்காயையும் 'மாங்கோ' போட்டார்கள். ஊறப்போட்டதெல்லாம் அங்கே மாங்கோ. அமெரிக்காவில் ஒஹாயோ பக்கத்து முதியவர்களோ குடைமிளகாயையே அப்படிக் கூப்பிட்டார்கள். 1753இல் லின்னேயஸ் மரத்துக்கு 'மாங்கிஃபெரா இண்டிகா' என்று பேர் வைத்தார். இந்திய மாங்காய்தாங்கி! பிழைக்கு லத்தீன் முத்திரையும் விழுந்தது.

பிரெஞ்சில் தின்பதற்கு 'மாஞ்சே' என்பார்கள். 'மாங்க்'கோடு உறவு கொண்டாட ஆசைதான். சொற்பிறப்பு இடம் தராது.

போர்த்துக்கேய மொழியில் இன்னொரு சிக்கல்: 'மங்கா' என்றால் சட்டைக் கையும்தான். அகராதிக்காரர் அது கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது, இது வேறு என்று பிரித்துவிடுவார்கள். அவர்கள் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தின்றதில்லை. நன்றாகப் பழுத்ததொன்றைத் தோலில் கடித்து உறிஞ்சினால் சாறு விரலிடுக்கால் இறங்கி, மணிக்கட்டைச் சுற்றி, முழங்கை வரை போய்ச் சொட்டும். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த நீளக்கைச் சட்டைக்காரர்களுக்குப் பழம் எது, கை எது என்று பிரிக்க முடிந்திருக்குமா? இந்த இடத்தில் அகராதியைவிடச் சட்டையே நல்ல சான்று.

யாழ்ப்பாணத்தில் காய்க்கும் மாம்பழத்துக்குக் கொழும்பின் பேர் வைத்துவிட்டு ஊரான் பிழை பிடிக்கலாமா என்று கேட்போருக்கு இக்கட்டுரையில் இடமில்லை.

கள ஆய்வு யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிச் சந்தையில் நடந்தது. சாக்கு விரித்து, அம்பலவியை ஒரு குவியலாகவும் கறுத்தக்கொழும்பானை ஒரு குவியலாகவும் போட்டிருந்த ஆச்சியிடம் போனேன்.

"ஆச்சி, மாங்கோ இருக்கோ?"

"காயோ பழமோ, தம்பி?"

"ரெண்டுக்கும் வெள்ளைக்காரன் ஒரு பேர்தான் சொல்லுறான், ஆச்சி."

ஆச்சி ஒன்றை எடுத்துக் காம்படியில் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். காம்பிலிருந்து வடிந்த பால் தோலில் காய்ந்து கறுத்திருந்தது. "இது காயுமில்லை, பழமுமில்லை. செங்காய். இதுக்கு என்ன பேராம் அவைக்கு?"

ஆய்வாளரிடம் பதில் இல்லை.

"வைக்கலுக்குள்ள மூடி வையுங்கோ, ரெண்டு நாளில பழுத்திடும்" என்று நாலு செங்காயைப் பையில் போட்டுத் தந்தார். இதை எழுதும்போது அவை வைக்கலுக்குள் கிடக்கின்றன. இன்று காலை ஒன்றில் மணம் வரத் தொடங்கிவிட்டது. அரைக்கைச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.