சிவப்பு அட்டைக்குப் பிறகும் ஆட்டம் உண்டு

கேள்வி: சிறை சென்று திரும்பிய ஒருவர் எங்கள் பகுதிப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறார். நம்பி அனுப்பலாமா?
- நெசவு செய்யும் ஒரு வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: என்ன வழக்கு என்று முதலில் விசாரியுங்கள். பிள்ளைகளுக்கு எதிரான குற்றம் என்றால் பேச்சே வேண்டாம். மற்றபடி தாராளமாக அனுப்புங்கள். சிவப்பு அட்டை வாங்கியவரைக்கூடக் கால்பந்து ஆயுளுக்கும் வெளியே உட்காரவைப்பதில்லை; தடை முடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கலாம்.

நாகபுரியில் அகிலேஷ் பால் என்றொரு இளைஞர். போலீஸ் தேடியதால் ஒளிந்து திரிந்தவர். விளையாட்டு ஆசிரியர் விஜய் பார்சே குடிசைப் பிள்ளைகளுக்காக 2001-ல் தொடங்கிய ‘ஸ்லம் சாக்கர்’ அவரைப் பந்தின் பக்கம் இழுத்தது. 2010-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த வீடற்றோர் உலகக் கோப்பையில் இந்திய அணியின் கேப்டன் அவர்தான்! பிறகு பயிற்சியாளரும் ஆனார். (பார்சேயை மாதிரியாகக் கொண்ட வேடத்தில் அமிதாப் பச்சன் நடித்த ‘ஜுண்ட்’ படம் கிடைத்தால் பாருங்கள்.)

வம்புக்கு அலையும் பையனுக்கு நாம் புத்தி சொன்னால் கொட்டாவி விடுவான். உள்ளே இருந்து வந்தவர் ‘அந்தப் பக்கம் போகாதேடா’ என்றால் காதில் ஏறும். வழி தெரிந்தவர் அல்லவா!

சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் நீங்களும் மைதானத்தில் போய் நில்லுங்கள். பயிற்சியாளர் யாரானாலும் பெற்றவர் கண் அங்கே இருக்க வேண்டும். அப்படியே அவருக்கும் ஒரு டீ சொல்லுங்கள்.