மருமவனே, மானுக்குக் கம்பெனி பேரு தெரியாது

மருமவனே, நவம்பர் முதல் சனிக்கிழமை டெக்சாஸ்ல மான் சீசன் தொறக்குது. உன் .308 ரைஃபிள் அலமாரில இருக்கு. லைசென்ஸ் எடுத்தாச்சு. இலையும் தழையும் அச்சடிச்ச சட்டை ஒண்ணுக்கு மூணா வாங்கித் தொங்கவிட்டாச்சு. ஸ்கோப்பு மட்டும் இன்னும் முடிவாவல. ஏன்னா நீ இன்ஜினியரு. ஊருப்பட்ட கம்பெனிய எக்செல்ல அடுக்கி, எவன் கண்ணாடி எத்தனை சதம் வெளிச்சத்தை உள்ள விடுதுன்னு தசமப்புள்ளி வச்சு எழுதிருக்க. மான் பாவம், அதுக்கு யாரும் இந்த எக்செல்ல அனுப்பல.

மாமா பட்டாளத்துல இஷாப்பூர் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி தூக்குன ஆளு, கண்ணாடி இல்லாமச் சுட்டே பென்ஷன் வாங்கிட்டாரு, இவருக்கு ஸ்கோப்பப் பத்தி என்ன தெரியும்னு நீ நினைக்கது எனக்குத் தெரியும். நினைச்சுக்கோ. பொண்ணு வீட்டுல வேலை வெட்டி இல்லாம உக்காந்திருக்கவன் வாய் சும்மா இருக்காதுல்லா.

முதல்ல நீ எங்க உக்காரப் போறன்னு பாரு. நாலு கால் வச்ச ஒரு பலகைப் பெட்டி. எதிர 100 கஜத்துல சோளம் விசிறுற பீப்பா. மான் அங்க வந்து குனிஞ்சு திங்கும். இதுக்கு நீ கேக்கது 25 பவர்! எறும்பு எண்ணவா போற? பவரு ஏற ஏறப் பாக்குற வட்டம் சுருங்கும். மான் ரெண்டடி நவுந்தா நீ மரப்பட்டையில தேடிக்கிட்டு இருப்ப. இங்க இருக்க பண்ணைக்காரப் பெருசுங்க ரைஃபிளைப் போய்ப் பாரு. இதே டெக்சாஸ்ல எல் பாசோல வீவர்னு ஒருத்தர் செஞ்ச கே4 இருக்கும், வெறும் 4 பவரு. சாயம் தேஞ்சு இரும்பு வெளுத்திருக்கும். ஸ்கோப்பப் புடிச்சிருக்க ரிங்கோட திருகாணித் தலையில பொம்பளைங்க நகச்சாயம் ஒரு சொட்டு வச்சிருப்பாங்க. திருகாணி அசைஞ்சா அந்தச் சாயம் வெடிச்சுக் காட்டிக் கொடுக்கும். உன் எக்செல்ல நகச்சாயத்துக்குக் கட்டம் உண்டா?

வெளிச்சக் கணக்கு சொல்லுதேன், கேளு. முன்கண்ணாடி அகலத்தைப் பவரால வகுத்தா கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டத்தோட அளவு. 40 மில்லிமீட்டரை 9ஆல வகுத்தா நாலரைகூட இல்ல. அதையே 6ல வச்சா ஆறரைக்கு மேல. இருட்டுல இளவட்டத்துக் கண்மணி 7 வரைக்கும் விரியும், என் வயசுக்கு 5ஐத் தாண்டுறதே பெருசு. சூரியன் உதிக்க அரை மணிக்கு முந்தியே சுடலாம்னு இங்க சட்டம் இருக்கு. மானு வர்றதும் அந்நேரம்தான். அப்ப பவரைக் குறைச்சு வைக்கணும். அதுக்குக் காசு ஒண்ணும் செலவில்ல.

இப்ப உன் கம்பெனிங்களுக்கு வருவோம். ஆஸ்திரியாக்காரன் ஸ்வரோவ்ஸ்கி மேல உனக்கு ஒரு கண்ணு. 600 டாலர் ரைஃபிளுக்கு 3,000 டாலர் ஸ்கோப்பு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு முகத்துலயும் 4 சதம் வெளிச்சத்தைத் திருப்பி விரட்டும். 1935லயே ஜெர்மனி ஸைஸ் கம்பெனில ஸ்மகுலா அதுக்குப் பூச்சு கண்டுபிடிச்சுட்டாரு. இன்னைக்கு 300 டாலர் ஸ்கோப்புக்கும் பூச்சு உண்டு. மேக்கொண்டு நீ அழுவுற காசெல்லாம் விடியுறதுக்கு முந்தி ஒரு சில நிமிஷத்துக்குத்தான். அது நிசமாவே நல்ல நிமிஷம், இல்லைங்கல. ஆனா அதே குடும்பம்தான் கழுத்துல போடுற பளபளா கல்லும் விக்குது. வீட்டுக்காரிக்கு அதை வாங்காம இதை மட்டும் வாங்கிட்டுப் போய்ப் பாரு, வேட்டை எங்க நடக்கும்னு தெரியும்.

அடுத்து வோர்டெக்ஸ். விஸ்கான்சின்காரன். பில்லு வேண்டாம், எத்தனாவது கைக்கு வந்திருந்தாலும் சரி, ஒடஞ்சா சரி பண்ணித் தருவான். தொலைச்சாலும், திருடு போனாலும், வேணும்னே ஒடச்சாலும்தான் கிடையாது. நீ அந்த வாரண்டியைப் படிச்சுட்டு உருகிட்ட. வாரண்டி உண்மைதான். ஆனா சீசன் நடுவுல ஒடஞ்சா, நீ பார்சல் ஆபீஸ்ல நிப்ப, மானு காட்டுல நிக்கும். இன்னொண்ணு, அவன் கிராஸ்ஃபயர் மாடல் சீனாவுல செய்யது, ரேஸர் மாடல் பெரும்பாலும் ஜப்பான்ல. குடும்பப் பேரைக் கேட்டாப் போதாது, எந்த வீட்டுப் பிள்ளைன்னு விசாரிக்கணும்.

நிக்கான்காரன் 2020 வாக்குல ரைஃபிள் ஸ்கோப்பையே மூட்டை கட்டிட்டான். அவன்கிட்ட வாங்குனவன் இன்னைக்கும் மான் அடிக்கான். கம்பெனி கடையச் சாத்துனா உள்ள இருக்க சிலுவைக்கோடு வளைஞ்சா போவும்?

ஒரிகான்காரன் லூபோல்ட் 1907லேருந்து இருக்கான், முதல்ல நில அளவைக் கருவி செஞ்சவன். மான் வேட்டைக்குப் போன எடத்துல ஸ்கோப்பு உள்ள பனி படர்ந்து குறி தப்பவும், முதலாளி கோவத்துல தானே செய்யக் கிளம்பிட்டாருன்னு அவங்களே சொல்லுத கதை. குழாய்க்குள்ள நைட்ரஜனை அடைச்சு, 1947ல பனி படராத ஸ்கோப்பைக் கொண்டாந்தான். 3லேருந்து 9 பவரு, 40 மில்லிமீட்டர் அளவுல அவனோட வி.எக்ஸ்.-ஃப்ரீடம் ஏறக்குறைய 350 கிராம்தான். நைட்ஃபோர்ஸ் கம்பெனி ஸ்கோப்புல ஒரு கிலோவைத் தாண்டுறதெல்லாம் உண்டு. தினமும் டயலைத் திருகித் தூரச் சுடுறவனுக்கு அது சாமி மாதிரிதான், நீ யாரு? உன் தொப்பைய வச்சுக்கிட்டு அந்தப் பலகைப் பெட்டில ஏறுறப்ப அந்த ஒரு கிலோவ யாரு தூக்குவா?

எதை வாங்குனாலும் ரிங்குல கஞ்சத்தனம் பண்ணாத. குறி மாறுதுன்னு ஸ்கோப்பத் திட்டுறவன்ல பாதிப்பேருக்கு அடித்தளத் திருகாணிதான் லூசு. எண்ணெயைத் துடைச்சுட்டு முடுக்கு. ரிங்குக்கு 15லேருந்து 18 இன்ச்-பவுண்டு போதும், அதுக்குன்னு முறுக்கு அளக்குற ஸ்க்ரூ டிரைவர் விக்கான். மூச்சப் புடிச்சுத் திருகுனா குழாய் நசுங்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூணரை அங்குலமாவது விடு. இல்லைன்னா ரைஃபிள் ஒதைச்ச ஒதைல புருவத்துல பிறை விழும். என் தங்கச்சி வீடியோ கால்ல பாத்துட்டு, “எம் புள்ளைய எவன்டா அடிச்சான்?”னு என்னைத்தான் கேப்பா.

மாட்டுனதும் 100 கஜத்துல அட்டை வச்சு ஒரே புள்ளியக் குறி பாத்துச் சுடு. பிறகு 20 கிளிக் மேல, 20 வலது, 20 கீழ, 20 இடது, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு குண்டு. ஒரு கிளிக் கால் அங்குலம், அப்ப 5 அங்குலச் சதுரம் வரணும். கடைசிக் குண்டு முதல் ஓட்டைகிட்டத் திரும்பி வந்துச்சுன்னா வச்சுக்கிடு. வரலைன்னா என்ன பேரு போட்டிருந்தாலும் கடைக்காரன்கிட்டயே கொண்டு போட்டுரு. அப்புறம் பிக்கப் வண்டில போட்டு மண் ரோட்டுல ஒரு நாள் குலுக்கிட்டு வந்து மறுபடி சுட்டுப் பாரு.

300லேருந்து 500 டாலருக்குள்ள முடிச்சுக்க. மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கு, சுட்டுப் பழகு. ஊர்ல 1972 வனவிலங்குச் சட்டத்துக்கப்புறம் துப்பாக்கியோட காட்டுப் பக்கம் போனாலே கேசு, இங்க கவர்மெண்டே கூப்பிட்டு லைசென்ஸ் தருது. அதை எக்செல் முன்னாடி உக்காந்து வீணாக்காத. மான் விழுந்தா பின்னந்தொடை எனக்கு, முதுகுக்கறி உனக்கு. விழலைன்னா வர்ற வழில நல்ல கோழியா ரெண்டு வாங்கிட்டு வா. மொளகு நான் வறுத்து வைக்கேன்.