சிலந்திவலையும் தக்காளிப் பெட்டியும்

திண்டுக்கல்லை அடுத்து, 1956இல் தொடங்கப்பட்ட காந்திகிராமக் கிராமிய நிறுவனத்தைப் போன்ற இடங்களில் பொருளியல் பயிலும் மாணவர், சென்ற பருவத்து விலையை நம்பி எல்லோரும் ஒரே பயிரை நட, வரத்துப் பெருகி விலை சரிவதையும், நொந்துபோய் அனைவரும் அதைக் கைவிட, விலை மீண்டும் ஏறுவதையும் விளக்கும் ‘சிலந்திவலைக் கோட்பாட்டை’, 1934இல் நிக்கோலஸ் கால்டோர் அதற்குப் பெயரிட்டார் என்னும் குறிப்போடு வரைந்து காட்டி மதிப்பெண் பெறுகிறார். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டியை இறக்கும் உழவரோ அதே பாடத்தை, வரைபடமின்றி, சொந்தச் செலவில் திரும்பத் திரும்பப் படிக்கிறார், தேர்ச்சிதான் கிட்டுவதில்லை.

பொதுக்கொள்கைத் தாளும் சளைத்ததன்று. அரசு முன்கூட்டியே அறிவிக்கும் அடித்தள விலையாகிய குறைந்தபட்ச ஆதரவு விலை 22 பயிர்களுக்கு உண்டு. தக்காளியும் முருங்கையும் அப்பட்டியலில் இல்லை. அவை எளிதில் அழுகிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அழுகாதிருந்தால் அவற்றுக்கு ஆதரவே தேவைப்பட்டிராது என்பது விடைத்தாளில் எழுதத்தகாத கருத்து. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் விலை ஊசலாட்டத்தைத் தணிக்க 2018-19 நிதிநிலை அறிக்கை 500 கோடி ரூபாயில் ‘ஆபரேஷன் கிரீன்ஸ்’ திட்டத்தை அறிவித்ததால், மாணவருக்கு ஐந்து மதிப்பெண் வினா ஒன்று உறுதியாயிற்று. விலை விழுந்தால் உழவர் கலங்குகிறார், ஏறினால் நகரம் கலங்குகிறது. இவற்றுள் எதற்கு அவசரக் கூட்டம் கூடும் என்பதை மட்டும் எந்தத் தேர்வும் கேட்பதில்லை, விடை எல்லோருக்கும் தெரியும் என்பதால்.