முள்ளு தாவுற எடம்

வா கண்ணு, அரவேணுல வந்து நின்னுபோச்சாக்கும்? மேட்டுப்பாளையத்துல புலியாப் பாஞ்ச காரு, குஞ்சப்பணை தாண்டினதும் கெடா மாதிரி முட்டி முட்டி ஏறுதா? எஞ்சின் லைட்டு வேற மஞ்சளா முழிக்குது. நீ என்ன பண்ணுன? தீப்பெட்டி அளவு டப்பாவைச் சொருகி, செல்போனைப் பார்த்து, "பி 0122, த்ராட்டில் சென்சார் காலி"ன்னு சாமி வந்தவனாட்டம் அருள்வாக்குச் சொல்லிப்போட்ட.

ஏங்கண்ணு, வயிறு வலிக்கிறவனுக்கு குடலையே மாத்துவியா? சிக்னல் வோல்ட்டு கம்மியா வருதுன்னுதான் அந்த நம்பர் சொல்லுது. கம்மி பண்ணுனது யாருன்னு சொல்லுச்சா? சென்சாரா இருக்கலாம். ஒயரு அறுந்திருக்கலாம். நம்மூரு மஞ்சு சாக்கெட்டுக்குள்ள பூந்து பின்னு பச்சை பூத்திருக்கலாம். எலி கடிச்சிருக்கலாம். எலிக்கு உன்ற டப்பாவுல தனி நம்பர் இருக்குதா?

போன மழைக்கு ஒருத்தன் இப்படித்தான் புதுசு வாங்கி மாட்டுனான். ரெண்டே நாள்ல லைட்டு திரும்ப எரிஞ்சுது. சாக்கெட்டைக் கழட்டினா உள்ளாற களிம்பு. சுரண்டித் தொடச்சோம், தீந்துது. காசு? அது மலை எறங்கிப் போயிருச்சு.

அப்படி என்ன மாயமந்திரம் அந்தச் சென்சாருல? பழைய ரேடியோவுல சத்தம் கூட்டுற குமிழ் பார்த்திருக்கியா? அதுதான் இது. ஆக்சிலேட்டரை மிதிச்சா எஞ்சினுக்குக் காத்து விடுற தகடு திரும்பும், கூடவே இதுவும் திரும்பும். ஒரு ஒயருல 5 வோல்ட்டு வரும், இன்னொண்ணு எர்த்து, மூணாவது சேதி கொண்டுபோறது. காலை எடுத்தா சுமாரா அரை வோல்ட்டு, முழுசா மிதிச்சா நாலரை பக்கம். கோயில் படி நடுவுல தேயுறாப்புல, கால் அதிகம் நிக்கிற எடத்துல அதோட தடம் தேயும். ரேடியோன்னா கரகரங்கும். காரு முட்டும்.

சாவியைத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணிப்போடாத! முதல்ல அந்த 5 வோல்ட்டு வருதான்னு பாரு. வரலைன்னா சென்சாரைத் திட்டாத, ஒயரைத் தேடு. வருதா? சரி, சேதி ஒயருக்குப் பின்னால, சாக்கெட்டு வழியா குண்டூசியை நொழை. ஒயரைக் குத்திக் கிழிக்காத. ஆக்சிலேட்டர் கேபிள் இல்லாத புது வண்டின்னா தகட்டுப் பக்கம் விரலே போகக்கூடாது, மோட்டார் கடிச்சுப்போடும்.

உன்ற டிஜிட்டல் மீட்டரை ஓரமா வை. அது நம்பரை மாத்திக் காட்டுறதுக்குள்ள கோளாறு வளைவு திரும்பிப் போயிரும். என்ற முள்ளு மீட்டரை எடு. எஸ்டேட் ஜீப்பு காலத்துது. சிரிக்காத, மாட்டு.

இப்ப மெதுவா மிதி. அட, கொழுந்து கிள்ளுற மாதிரி மெதுவா! முள்ளு ஏறுது பாரு... அரை... முக்கால்... ஒண்ணு... விழுந்துச்சா? திரும்ப மிதி. அதே எடத்துல டபக்குன்னு விழுது. சாக்கெட்டை ஆட்டிப் பார்த்தாச்சு, ஒயரையும் ஆட்டியாச்சு, அப்பவும் அதே எடம்.

சென்சார்தான் காலி, கண்ணு. நீ சொன்னதேதான். தெரியாமச் சொன்ன, அவ்வளவுதான். எந்திரி, ரெண்டு டீ சொல்லிட்டு வா.