வைட்ஃபீல்ட் பிரிவு: அலுவல் பயணத்தில் ஆட்டம் காணும் ஒழுக்கம் குறித்து ஓர் ஆய்வு

தலைவன் தலைவியைப் பிரிந்து போவதற்குத் தொல்காப்பியம் சில காரணங்களை ஒப்புக்கொள்கிறது. கல்விக்காகப் போகலாம், பகைமேல் போகலாம், தூதாகப் போகலாம், பொருள் தேடிப் போகலாம். பொருளும் பகையும் ஒரே பயணத்தில் சேர்ந்துவரும் நிலையை உரையாசிரியர்கள் விரித்துப் பேசவில்லை. அவர்கள் காலத்தில் ஐபிஎல் இல்லை. சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் தலைவன் ஒருவன் கிளையண்ட் மீட்டிங் என்று சொல்லி பெங்களூரு வைட்ஃபீல்டுக்குப் புறப்படுகிறான். அன்று மாலை அவன் அங்குள்ள சின்னசாமி மைதானத்தில் சென்னை அணியின் மஞ்சள் ஜெர்சியோடு உட்கார்ந்திருக்கிறான். இதை எந்தப் பிரிவில் அடக்குவது? இலக்கணத்தில் நேர்ந்த அந்தக் குறையை நீக்க எழுந்ததே இந்த ஆய்வு.

இத்துறையின் முன்னோடிகள் அமெரிக்கர்கள் என்பதை மறைக்க முடியாது. வேலையாக வெளியூர் போனவர் சாயங்காலம் அந்த ஊர் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்புவது அங்கே சாதாரணம். காரணம் எளிய கணக்கு. ஒரு மேஜர் லீக் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் 81 சொந்த ஊரில். கோடையில் எந்த வாரம் போய் இறங்கினாலும் ஆட்டம் தட்டுப்பட நல்ல வாய்ப்பு உண்டு. 2023-இல் பந்து வீசுபவருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். அதன்பின் ஆட்டமும் சராசரியாக 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆக, அமெரிக்கர் வேலைக்குப் போகிறார். ஆட்டம் தானாக அங்கே இருக்கிறது.

நம் நிலைமை வேறு. ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள், சொந்த மைதானத்தில் 7. அதிலும் சென்னை அணி பெங்களூருவுக்கு வந்து ஆடுவது ஆண்டுக்கு மிஞ்சிப்போனால் ஒருமுறை. 365 நாட்களில் அந்த ஒரே நாளில் வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் நேரில் போய்த்தான் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று முளைப்பதைத் தற்செயல் என்று சொல்லத் தர்க்க நூல் இடங்கொடாது. எனவே இங்கே காரணமும் காரியமும் இடம் மாறி நிற்கின்றன. ஆட்டம் காரணம், அலுவல் காரியம்.

இதற்குச் சான்று, அட்டவணை வெளியான வாரத்தில் எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய உரையாடல்:

“சார், இந்த இன்டக்ரேஷன் டெஸ்டிங்க கால்ல பேசி முடிக்க முடியாது சார். நேர்ல ஒரு ரெண்டு நாள் போயிட்டு வந்துடறேன்.”

“எந்தத் தேதிப்பா?”

“பதினேழு, பதினெட்டு சார்.”

மேனேஜர் உடனே பதில் சொல்ல மாட்டார். லேப்டாப்பில் காலண்டரைத் திறப்பார். பக்கத்துத் தாவலில் இன்னொன்றையும் திறப்பார். பிறகு, “நானும் வரேன்ப்பா. அந்த வாரம் எனக்கும் அங்க ஒரு ரிவ்யூ இருக்கு” என்பார். இருவரும் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அகத்துறையில் இதைக் குறிப்பறிதல் என்பர்.

இனி முதற்பொருள். நிலம், வைட்ஃபீல்ட். 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்குக் கொடுத்த நிலத்தில், டி.எஸ். ஒயிட் என்பவரின் முயற்சியால், அந்தச் சமூகத்தார் உழுது பிழைக்கட்டும் என்று உருவான குடியிருப்பு இது. அவர் பெயரே ஊர்ப் பெயர். 1990-களில் இந்தியா-சிங்கப்பூர் கூட்டு முயற்சியாக ஐ.டி.பி.எல். வளாகம் வந்தது, உழவு போய் உழைப்பு மட்டும் மிஞ்சியது. மருதம் பாலையானது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் மழை பெய்தால் அங்கே நெய்தலும் தெரிகிறது என்பதால் அதை நிறுத்தி வைக்கிறோம்.

பொழுது, மாலை ஏழரை. இங்கேதான் சிக்கல். மீட்டிங் ஆறு மணிக்கு முடிவதாக இருக்கும், முடியாது. மைதானமோ நகரத்தின் நடுவில், கப்பன் பூங்காவை ஒட்டி இருக்கிறது. சாலை வழியாகப் போனவர்கள் பவர்பிளேயைக் கண்டதில்லை. மெட்ரோ வந்த வரலாற்றை இங்கே சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் ஆய்வுக்குரிய சென்னை-பெங்களூரு ஆட்டம் ஒன்று அந்த வரலாற்றின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. வைட்ஃபீல்டிலிருந்து கே.ஆர்.புரம் வரையிலான தடம் 2023 மார்ச் 25 அன்று திறக்கப்பட்டது. பையப்பனஹள்ளியிலிருந்து நகருக்குள் போகும் தடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் சுமார் 2 கிலோமீட்டர் மட்டும் பாக்கி. அது இணைந்தது அக்டோபர் 9-இல்தான். ஆட்டமோ ஏப்ரல் 17. அன்று வைட்ஃபீல்டிலிருந்து கிளம்பிய ரசிகர் மெட்ரோ ஏறி, கே.ஆர்.புரத்தில் இறங்கி, இணைப்புப் பேருந்தில் நெருக்கியடித்து, பையப்பனஹள்ளியில் மறுபடி மெட்ரோ ஏற வேண்டியிருந்தது. பாலை வழியின் கொடுமையைப் பாடிய புலவர்கள் அந்தப் பேருந்தில் நின்றதில்லை. இன்று வைட்ஃபீல்டில் ஏறினால், கப்பன் பார்க் இருபதாவது நிலையம். இறங்கினால் மைதானம் கைக்கெட்டும் தூரம். ஆட்ட நாட்களில் ரயில் நள்ளிரவு தாண்டியும் ஓடும்.

மைதான வாசலைப் பற்றிச் சொல்லும்போது கேலியை ஒரு பத்தி ஓரமாக வைக்க வேண்டும். பெங்களூரு அணி முதன்முறை கோப்பை வென்ற மறுநாள், 2025 ஜூன் 4 அன்று, இந்த வாசல்களுக்கு வெளியே ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். எந்த அணியின் ரசிகராக இருந்தாலும் வாசலில் தள்ளாதீர்கள். முதல் ஓவர் போனால் போகட்டும்.

கருப்பொருள்களில் தலையாயது லேப்டாப் பை. மைதானத்துக்குள் பை, லேப்டாப், பவர் பேங்க், ஹெல்மெட், தண்ணீர் பாட்டில் எதற்கும் அனுமதி இல்லை. கம்பெனி விதியோ லேப்டாப்பை எங்கும் தனியாக விட்டுப் போகக் கூடாது என்கிறது. இரண்டு விதிகளும் மோதும் இடத்தில்தான் தமிழனின் நட்பு வட்டம் சோதிக்கப்படுகிறது. உள்ளூர் டீமில் ஒரு தம்பி இருப்பான்; ஊர் சேலமோ தர்மபுரியோ; கிரிக்கெட்டில் நாட்டமில்லாதவன். “அண்ணே, வச்சிட்டுப் போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்” என்று அவன் பி.ஜி. அறையில் நாலு லேப்டாப்பை அடுக்கிக்கொண்டு தூங்காமல் கிடப்பான். அகப்பாடலில் தோழனுக்கு உள்ள இடம் இவனுக்கு உண்டு. அவார்டு விழாவில் மட்டும் பெயர் வராது.

அடுத்தது ஜெர்சி. அலுவலகத்தில் அது ஃபார்மல் சட்டைக்கு உள்ளே இருக்கும். வெளிர் நீலச் சட்டைக்குள் மஞ்சள் தெரியும் என்பதால் அனுபவசாலிகள் அன்று கட்டம் போட்ட சட்டையில் வருவார்கள். மூன்று மணி வாக்கில் கன்னடத்து நண்பர் ஒருவர் காலரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், தன் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து உள்ளேயிருக்கும் சிவப்பைக் காட்டுவார். அதன்பின் அந்த மீட்டிங்கில் யாரும் யாரையும் எதிர்த்துப் பேசியதாகத் தெரியவில்லை.

உரிப்பொருள், அலருக்கு அஞ்சுதல். மைதானத்தில் எங்கும் கேமரா. விசில் வாயோடு டி.வி.யில் ஒரு நொடி வந்தால் போதும், சென்னையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் ஏறிவிடும். “மாமா, மீட்டிங் நல்லாப் போகுதா?” என்று மச்சினன் கேட்பான். தலைவி ஒன்றும் கேட்க மாட்டாள். அதுதான் ஆபத்து.

செலவுக் கணக்கை விரைந்து கடக்கலாம். டிக்கெட் காசு கைக்காசு. மெட்ரோ கட்டணம் ‘லோக்கல் கன்வேயன்ஸ்’. உள்ளே வாங்கிய பாப்கார்ன் இரவு உணவு. தணிக்கையாளர்களும் ஜெர்சி அணிபவர்களே.

இனி ஆய்வின் தலைமைக் கண்டுபிடிப்பு. 2018 முதல் 2025 வரை சின்னசாமியில் சென்னையும் பெங்களூருவும் மோதியது ஐந்து முறை. 2018 ஏப்ரல் 25, புதன்: 206 ரன் இலக்கு, தோனி 34 பந்தில் 70, கடைசியில் சிக்ஸர், சென்னை வெற்றி. 2019 ஏப்ரல் 21, ஞாயிறு: கடைசி ஓவரில் 26 தேவை, தோனி 24 அடித்தார், கடைசிப் பந்தில் மறுமுனை வீரர் ரன் அவுட், ஒரு ரன்னில் தோல்வி. 2023 ஏப்ரல் 17, திங்கள், அந்த இணைப்புப் பேருந்து நாள்: எட்டு ரன்னில் வெற்றி. 2024 மே 18, சனி: 110 மீட்டர் சிக்ஸர் மைதானத்தைத் தாண்டிப் போனது, அடுத்த பந்தில் தோனியும் போனார், பிளே-ஆஃபும் போனது. 2025 மே 3, சனி: இரண்டு ரன்னில் தோல்வி.

உற்றுநோக்குக. வேலைநாளில் இரண்டு ஆட்டம், இரண்டும் வெற்றி. விடுமுறை நாளில் மூன்று, மூன்றும் தோல்வி. விடுமுறையில் வருபவர் வெறும் ரசிகர். வேலைநாளில் வருபவரோ அலுவல் பயணி. பொய் சொல்லி, சட்டைக்குள் ஜெர்சியை மறைத்து, லேப்டாப்பை அடகு வைத்து வந்த தவசி. அந்தத் தவத்தின் பலன் அணிக்குப் போய்ச் சேர்கிறது.

2018-க்கு முந்தைய ஆட்டங்களை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கடாவுவர். சென்னை அணி தடைபட்டிருந்த 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளை ஒரு கடல்கோளாகக் கொண்டு, அதற்கு முந்தையதை இடைச்சங்க காலம் என ஒதுக்கினோம். அவை நம் முடிவோடு ஒத்துப்போகவில்லை என்பது இரண்டாம் காரணம்.

ஆகவே கிரிக்கெட் வாரியத்தாருக்கு விண்ணப்பம்: பெங்களூருவில் சென்னை ஆடும் நாளை வேலைநாளில் வையுங்கள். திங்களும் புதனும் சோதிக்கப்பட்டுவிட்டன; செவ்வாயோ வியாழனோ கொடுத்தால் ஆய்வு விரிவடையும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று மாலை வைட்ஃபீல்டில் இருக்கும் தமிழர் எல்லோரும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.